அச்சு இயந்திரம் கப்பலில் வந்துவிடும், காகிதம்? ஒரு சிறு கிறிஸ்தவப் பதிப்பகம் புது நாட்டுக்குப் போனால் என்ன ஆகும்

ஒரு சின்னப் பதிப்பகம். நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது. லாபம் நோக்கமில்லை, மதநூல்களை மலிவாக அச்சிட்டு ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அப்படிப்பட்ட ஓர் அமைப்பு திடீரென்று இன்னொரு நாட்டில் கால்பதிக்க முடிவெடுத்தால் என்னவெல்லாம் தேவைப்படும்?

இயந்திரம், பணம், ஆள் என்று பட்டென்று சொல்லிவிடலாம். அந்த மூன்றையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட முடியும். கப்பலில் ஏற்ற முடியாத சில சங்கதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றில்தான் விஷயம் மாட்டிக்கொள்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகர்கள் எங்கேயும் தேடிப்போக வேண்டியதில்லை. லண்டனிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த ஓர் அச்சு இயந்திரத்தின் கதை நம் கடற்கரையிலேயே கிடக்கிறது.

தரங்கம்பாடியில் லண்டன்காரர்களுக்கு என்ன வேலை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தரங்கம்பாடி அப்போது ஆங்கிலேயர் ஊரே கிடையாது. 1620-லிருந்து டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்த துறைமுகம். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய இரண்டு மதபோதகர்கள், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும், 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார்கள். இருவருமே ஜெர்மானியர்கள். ஆக, டென்மார்க் அரசர் பணத்தில், ஜெர்மன் பாதிரியார்கள், தஞ்சை மன்னருக்குக் கப்பம் கட்டும் ஓர் ஊரில். இதில் லண்டன் எங்கே வந்தது?

சீகன்பால்க் எழுதிய கடிதங்கள் வழியாக வந்தது. அன்றைய ஆங்கில ராணியின் கணவர் டென்மார்க் இளவரசர் ஜார்ஜ். அவருடைய அரண்மனைப் பாதிரியாராக இருந்த ஆன்டன் வில்ஹெல்ம் போம் என்ற ஜெர்மானியர், அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1709-ல் புத்தகமாக்கினார். லண்டன் பக்தர்கள் மத்தியில் அது பரவியது.

உதவ முன்வந்திருக்க வேண்டிய ஆங்கிலச் சபை வேறொன்று. ஆனால் அதன் அரச சாசனம், ஆங்கிலேயக் குடியேற்றங்களில் மட்டுமே வேலை செய்யலாம் என்று கட்டிப்போட்டிருந்தது. டேனிஷ் ஊருக்குப் பணம் அனுப்பினால் சட்டச் சிக்கல். அப்போது கைகொடுத்தது எஸ்.பி.சி.கே. என்ற சங்கம். 1698-ல் தாமஸ் பிரே என்ற பாதிரியாரும் நான்கு நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. புத்தகம், துண்டுப் பிரசுரம், தருமப் பள்ளிக்கூடம் இவைதான் அதன் தொழில். அரச சாசனம் எதுவும் இல்லாத தனியார் சங்கம் என்பதால், அதைக் கட்டிப்போட ஆளும் இல்லை. சின்ன அமைப்பாக இருப்பதில் சில நேரம் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

இயந்திரம் கிளம்பியது, அச்சடிப்பவர் வந்துசேரவில்லை

1711-ல் எஸ்.பி.சி.கே. ஓர் அச்சு இயந்திரத்தையும், ரோமன் எழுத்துகளையும், காகிதத்தையும், கூடவே போர்ச்சுகீசிய மொழிப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளையும் கப்பலில் ஏற்றியது. தமிழ் கடற்கரைக்கு எதற்குப் போர்ச்சுகீசியம் என்று தோன்றலாம். அன்று சோழமண்டலத் துறைமுகங்களில் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் உள்ளூர் வியாபாரியும் பேசிக்கொண்ட பொதுமொழி அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: தமிழ் எழுத்து வார்க்க லண்டனில் யாருக்கும் தெரியாது.

இயந்திரத்தை இயக்க யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சாளர் கூடவே கிளம்பினார். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டியது. மிஷனுக்கு அனுப்பிய பணம் பறிபோனது. அடித்தளத்தில் கிடந்த அச்சு இயந்திரம் மட்டும் தப்பியது. கப்பல் மறுபடி கிளம்பி நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது, ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார்.

1712-ல் இயந்திரம் சென்னையில் இறங்கித் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது நிலைமை இதுதான்: பெட்டி இருக்கிறது, திறந்து ஓட்ட ஆள் இல்லை. நல்லவேளையாக டேனிஷ் கோட்டைப் படையில் அச்சுத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாய் இருந்தார். அவரை வைத்து முதலில் போர்ச்சுகீசியச் சிறு நூல்களை அடித்தார்கள்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அனுப்பியவர்கள் திட்டம் போட்டது ஓர் ஆளை நம்பி. வேலையை முடித்துக் கொடுத்தது ஏற்கெனவே அந்த ஊரில் இருந்த இன்னொருவர். புது நாட்டில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று விசாரிப்பது எந்த முதலீட்டையும் விட மலிவானது. அன்றைக்கும் இன்றைக்கும் அமைப்புகள் கடைசியாகச் செய்வதும் அதைத்தான்.

தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு தொல்லை கொடுத்தது?

ரோமன் எழுத்தில் சிறியது, பெரியது, எண், குறிகள் எல்லாம் சேர்த்துச் சில பத்து வடிவங்களை வார்த்தால் போதும். தமிழில் அது நடக்காது. கால், கொம்பு மாதிரி தனியாக நிற்கும் குறிகளைப் பிரித்து வார்த்துக்கொள்ளலாம். ஆனால் கு, சு, து, மு என்று உகரம் ஏறும்போது எழுத்தே உருமாறிவிடுகிறது. ஊகாரத்துக்கும் அதே கதை. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வெட்டியே ஆக வேண்டும்.

சீகன்பால்க் தமிழ் எழுத்து மாதிரிகளை வரைந்து ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். தமிழே தெரியாத கைவினைஞர்கள் அந்த மாதிரியைப் பார்த்து எழுத்துகளை வெட்டி வார்த்தார்கள். 1713-ல் அவை தரங்கம்பாடிக்கு வந்தன. கூடவே யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற தொழில்காரரும், அவருடைய தம்பியும் வந்தார்கள். தம்பி அப்போது சிறுவன்.

எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்பப் பெரிது. ஒரு பக்கத்தில் கொஞ்சம் வரிகள்தான் பிடிக்கும். துண்டுப் பிரசுரத்துக்குச் சரி. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அடித்தால் எவ்வளவு காகிதம் ஆகும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஐரோப்பாவிலிருந்து வந்த காகிதம் எப்போது தீரும், அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆட்லர் அங்கேயே சின்ன எழுத்துகளை வார்க்க இறங்கினார். ஈயத்துக்குப் பஞ்சம். இங்கிலாந்திலிருந்து பாதிரியார்களுக்குச் சாப்பிட வந்த செஷையர் பாலாடைக் கட்டியின் ஈய உறைகளை உருக்கி எழுத்து வார்த்ததாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அந்தச் சின்ன எழுத்தில்தான் வேலை நகர்ந்தது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்து 1714-ல் வெளியாயின. ஐந்து நூல்கள் என்பதால் அதற்கு ‘அஞ்சு வேத பொத்தகம்’ என்று பெயர். தலைப்பிலேயே பேச்சுத் தமிழ்! மீதி 1715-ல் முடிந்து, புதிய ஏற்பாடு முழுமையானது.

‘இந்தியாவில் முதன்முதலில் தமிழ் அச்சேறியது தரங்கம்பாடியில்’ என்று அடிக்கடி எழுதப்படுவதைப் பார்க்கலாம். அது சரியில்லை. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் போர்ச்சுகீசிய இயேசு சபையின் ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அதாவது முதல் தமிழ் அச்சுநூலின் செலவில் வாசகர்கள் பங்கும் இருந்தது. 1679-ல் அம்பலக்காட்டில் ஒரு தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி வந்தது. அதன்பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இயந்திரத்தைக் கொண்டுவருவது ஒரு காரியம், அது தலைமுறை தாண்டி ஓடுவது வேறு காரியம்.

பொறையாரில் காகித ஆலை

தரங்கம்பாடிக்காரர்கள் எழுத்தோடு நிற்கவில்லை. பக்கத்தில் பொறையாரில் எழுத்து வார்ப்பகம் போட்டார்கள். மை தயாரித்தார்கள். காகிதத்துக்கு ஐரோப்பாவையே எத்தனை நாள் எதிர்பார்ப்பது என்று 1715-16 வாக்கில் ஒரு காகித ஆலையும் கட்டினார்கள். ஆலை அதிக நாள் நிலைக்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: ஜெபப் புத்தகம் அடிக்க வந்த பாதிரியார்கள், பத்து வருஷத்துக்குள் உலோகத் தொழில், ரசாயனத் தொழில், காகிதத் தொழில் மூன்றிலும் கைவைக்க வேண்டியதாகிவிட்டது.

இதையெல்லாம் தொலைவில் இருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கோபன்ஹேகனில் மிஷன் வாரியத்தின் செயலாளராக இருந்த கிறிஸ்டியன் வெண்டுக்கு இது பிடிக்கவே இல்லை. அப்போஸ்தலர்களைப் போல எளிமையாக நடந்துபோய்ப் போதிப்பதை விட்டுவிட்டு, கட்டடமும் ஆலையும் எதற்கு என்பது அவர் கட்சி. சீகன்பால்குக்கு அவர் கடுமையாக எழுதினார்.

உள்ளூர் அதிகாரமும் சும்மா இருக்கவில்லை. டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸ், 1708-ன் கடைசியில் சீகன்பால்கைப் பிடித்துச் சிறையில் போட்டார், நான்கு மாதம். அதே 1708-ன் அக்டோபரில்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தார். மொழிபெயர்ப்பு முடிய 1711 ஆனது. தன் அரசரே அனுப்பிய ஆளை, அதே அரசரின் கோட்டைத் தளபதி உள்ளே வைக்கிறார் என்றால் ‘அனுமதி இருக்கிறது’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தலைநகரத்தில் கிடைத்த முத்திரை துறைமுகத்தில் செல்லுபடியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சீகன்பால்க் 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது 36. அவருக்குத் துணையாக இருந்த கிரண்ட்லர் அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். பழைய ஏற்பாட்டை பெஞ்சமின் ஷூல்ட்சே என்ற அடுத்த ஆள் முடித்து, 1728-க்குள் அச்சிட்டு வெளியிட்டார்.

வாசகரிடம் எப்படிப் பேசினார்கள்?

மிஷன் வரலாறுகள் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிற பகுதி இது.

1713-ல் தமிழில் அச்சான ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று, ‘அக்கியானம்’ எவ்வளவு அருவருப்பானது என்று விளக்கும் பிரசுரம். அக்கியானம் என்று சொல்லப்பட்டது உள்ளூர் மக்களின் வழிபாடு. புதுசாக ஓர் ஊருக்குள் வந்து, அந்த ஊர் மொழியில் முதல் முறையாகப் பேசும்போது எடுத்த எடுப்பில் ‘உங்கள் நம்பிக்கை அருவருப்பு’ என்று தொடங்கினால், கேட்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் பிரசுரத்தின் உண்மையான வாசகர் ஐரோப்பாவில் பணம் கொடுத்தவர்தானோ என்றுகூடத் தோன்றுகிறது.

விசித்திரம் என்னவென்றால், அதே சீகன்பால்க்தான் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். ஆட்களை வைத்துப் படியெடுத்தார். 1708-லேயே தன்னிடம் இருந்த நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கத்தோடு ஒரு பட்டியல் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய ஆய்வையே எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஃபிரான்கே அதை அச்சிடவில்லை. பொய் மதத்தை ஒழிக்க அனுப்பிய ஆள், அதை ஐரோப்பாவில் பரப்பும்படி எழுதலாமா என்பது அங்கிருந்த மனநிலை. கையெழுத்துப் பிரதி கிடப்பில் போனது. அச்சானது 1867-ல், அதுவும் சென்னையில். ஏறத்தாழ 150 ஆண்டு.

புத்தகம் அனுப்புகிறவர்கள் திரும்பி வரும் புத்தகத்தை வாங்கிக்கொள்ள மறுத்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். சிறு மதப் பதிப்பகங்கள் பல இந்த விஷயத்தில் இன்றும் தடுமாறுகின்றன. தலைமையகத்தில் எழுதியதைப் புது நாட்டில் மொழிபெயர்த்து விற்பதை விரிவாக்கம் என்கிறார்கள். புது நாட்டில் எழுதப்படுவதைத் தலைமையகம் வெளியிடுமா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மொழிபெயர்ப்புத் தமிழும் லேசான பிரச்சினை இல்லை. கடவுளை என்ன சொல்லி அழைப்பது? சீகன்பால்க், கத்தோலிக்கர் வழியில் ‘சருவேசுரன்’ என்றார். பின்னால் வந்த ஃபப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871-ல் வெளியான பவர் மொழிபெயர்ப்பில் அது ‘தேவன்’ ஆனது. 1995-ன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘கடவுள்’. ஒரே ஒரு சொல்லுக்கு 300 ஆண்டுப் பயணம். இன்றும் லூத்தரன் சபைக் குடும்பங்களில் ஃபப்ரீசியஸ் தமிழ்மேல் தனிப் பற்று உண்டு. பாட்டி ஜெபத்தில் ‘பராபரனே’ என்று தொடங்கினால், பேரனுக்கு அது எந்த மொழிபெயர்ப்பு என்று தெரியாமல் இருக்கலாம், சபை எது என்று தெரிந்துவிடும்.

பறிபோன பணத்துக்குப் பதிலாக ஒரு பிரெஞ்சு அச்சகம்

எஸ்.பி.சி.கே.யின் வேலை 1720-களின் கடைசியில் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கும் பரவியது. ஆனால் சென்னையில் அச்சகம் கிடைத்தது திட்டம் போட்டு இல்லை, ஒரு போரினால். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சென்னைக் கோட்டையில் அதை ஓட்ட ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த ஃபப்ரீசியஸிடம் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: அரசாங்க வேலை வந்தால் அடித்துத் தர வேண்டும்.

ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் பணத்தைப் பறிகொடுத்த சங்கத்துக்கு, ஐம்பது வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்களின் இயந்திரமே வந்து சேர்ந்தது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ஜெபப் புத்தகத்தோடு கம்பெனியின் உத்தரவுகளும் அதே இயந்திரத்தில் ஏறின. மதப் பதிப்பகம், ஆட்சியின் அச்சகம் என்ற இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு அதோடு மங்கியது. அந்த வேப்பேரியில்தான் ஃபப்ரீசியஸின் புதிய ஏற்பாடு 1772-லும், அவரும் பிரைத்தாப்டும் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779-லும் அச்சாயின.

யாழ்ப்பாணத்தில் ‘உள்ளே வராதே’

அனுமதி என்ற சங்கதி முழுதாக வேலை காட்டிய இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் 1816-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். அதை இயக்க 1820-ல் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சாளரையும் அனுப்பினார்கள். இலங்கை அப்போது பிரிட்டிஷார் ஆட்சியில். ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், காரெட் தங்க அனுமதி மறுத்துவிட்டார். இனிமேல் புதிய அமெரிக்கர்கள் வேண்டாம் என்பது நிலைப்பாடு.

இந்தமுறை தலைகீழ். தரங்கம்பாடியில் இயந்திரம் வந்தது, அச்சாளர் இறந்தார். யாழ்ப்பாணத்தில் இயந்திரமும் வந்தது, அச்சாளரும் உயிரோடு வந்தார், காலூன்ற விடவில்லை. காரெட் இந்தியாவுக்குப் போய் பம்பாயில் இருந்த அமெரிக்க மிஷனில் சேர்ந்தார். இயந்திரத்தை அமெரிக்கர்கள் நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷனான சி.எம்.எஸ். கையில் ஒப்படைத்தார்கள். ஆங்கிலேயர் என்பதால் அவர்களுக்குத் தடையில்லை. தன் இயந்திரத்தில் இன்னொரு சபை அடித்துத் தரும் பிரசுரங்களைத்தான் அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் விநியோகித்தார்கள்.

தடை நீங்கியது 1833-ல். அடுத்த ஆண்டு ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்து, மானிப்பாயில் அச்சகம் சூடுபிடித்தது. 1841-ல் ‘உதயதாரகை’ இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன். பெயரைப் பார்த்து அமெரிக்கர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர்களின் விருப்பப்படி பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. நன்கொடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அதே அமெரிக்கர்கள் 1830-களின் கடைசியில் சென்னைக்கும் வந்து, அங்கே சி.எம்.எஸ். அச்சகத்தை விலைக்கு வாங்கினார்கள். பி.ஆர்.ஹன்ட் என்ற அச்சாளரின் மேற்பார்வையில் அழகான, சின்னத் தமிழ் எழுத்துகள் உருவாயின. வின்ஸ்லோவின் அகராதி, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு, 1862-ல் அங்கேதான் அச்சானது.

எதிர்த்தரப்புக்கும் அச்சகம்

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவலுக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணையாக இருந்த இளைஞர் ஆறுமுகம். நல்லூர்க்காரர், சைவர். சைவராகவே இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்தார். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதற்காகச் சென்னைக்கும் போய்வந்தார். மிஷன் அச்சகம் எப்படி இயங்குகிறது, பள்ளிக்கூடமும் அச்சகமும் ஒன்றை ஒன்று எப்படித் தாங்குகின்றன என்று உள்ளிருந்தே பார்த்தவர்.

1849-ல் அவர் மறுபடி சென்னைக்குப் போனார், இந்தமுறை அச்சு இயந்திரம் வாங்க. வழியில் திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது. ஊர் திரும்பி வண்ணார்பண்ணையில் ‘வித்தியாநுபாலன யந்திரசாலை’யைத் தொடங்கினார். பாலபாடங்கள், உரைநடையில் பெரியபுராணம், மிஷனரிகளுக்கு மறுப்பு நூல்கள் என்று வரிசையாக வெளியிட்டார். எளிய உரைநடை, பள்ளிப் பாடநூல், துண்டுப் பிரசுரம் எல்லாம் மிஷனரிகளிடம் பார்த்த அதே வழிமுறைகள்.

மிஷன் வரலாறுகள் இதைத் தோல்விக் கணக்கில் எழுதலாம். வேறு மாதிரியும் பார்க்கலாம். ஓர் ஊரில் அச்சகம் உண்மையிலேயே வேர்விட்டதா என்று எப்படித் தெரியும்? அந்த ஊர்க்காரர் தன் பணத்தில், தன் கருத்தை, உனக்கு எதிராகவே அச்சடிக்கத் தொடங்கும்போது. அதற்குப் பிறகு தொழில் தெரிந்தவர், காகித வியாபாரி, வாசகர் எல்லாரும் உள்ளூரிலேயே இருப்பார்கள். அனுப்பிவைத்த சங்கம் கதவைச் சாத்தினாலும் அச்சுத் தொழில் நிற்காது.

இன்று ஒருவர் வந்தால்?

இன்று இயந்திரத்தைக் கப்பலில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் சிவகாசியில் அச்சடித்துவிடுவார்கள். ஆனால் எழுத்துத் தொல்லை மட்டும் வேறு உருவத்தில் கூடவே வந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் நெடுநாள் ‘பாமினி’ எழுத்துருதான் புழங்கியது. தமிழ்நாட்டு அச்சகங்களில் வேறு எழுத்துருக்கள். அங்கே தட்டச்சு செய்த புத்தகத்தை இங்கே திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடு பரவியபிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் பழைய புத்தகக் கோப்புகளை மறுபதிப்புக்கு எடுப்பவர்களுக்கு அந்தத் தலைவலி இன்னும் தீர்ந்தபாடில்லை.

அனுமதி விவகாரம் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. இந்தியாவில் ஓர் அமைப்பு மத, சமூக, கல்விப் பணிக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமென்றால் 2010-ன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறு பதிப்பகத்துக்கு இதில் நடுவில் இருக்கிற விதிதான் பெரிய அடி. பெரிய சபை ஒன்று வெளிநாட்டில் பணம் வாங்கி, ஊரில் உள்ள நாலைந்து சின்ன அச்சகங்களுக்கும் மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கும் மானியமாகப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடு இனி நடக்காது. வேலை கொடுத்துக் கூலி தரலாம். மானியம் தர முடியாது.

பணமாக வேண்டாம், பொருளாக அனுப்புகிறோம் என்றாலும் தப்ப முடியாது. பொருளும் அதே சட்டத்தில் பங்களிப்புதான். 1711-ல் லண்டன் அனுப்பிய இயந்திரமும் காகிதமும் இன்று சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினால், பெற்றுக்கொள்ளும் சபை பதிவு எண்ணைக் காட்ட வேண்டியிருக்கும். கூட வந்த போர்ச்சுகீசிய பைபிள்கள் வேறு கணக்கு. இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீத சுங்க வரி போட்டார்கள். உள்ளூரில் அச்சடித்த புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் அச்சடிக்க வாங்கும் காகிதத்துக்கு உண்டு. விற்கிற புத்தகத்துக்கு வரி இல்லாததால், காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது புத்தகத்தின் விலையில்தான் ஏறும். பொறையாரில் ஆலை கட்டியவர்களுக்கு இது ரொம்பவே பழகிய கணக்காக இருந்திருக்கும்.